காத்தோ பிமா கேக் ஆகுமா? கிட்ஹப் லிங்க்விஸ்டோடு எட்டு மாதம்

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுதிய முதல் நிரல் மூன்றே வரி. முதல் வரி, பதிப்பி "வணக்கம் பாட்டி". இரண்டாவது வரியில் பாட்டியின் வயது. மூன்றாவது வரி அந்த வயதை இரண்டால் பெருக்கிக் காட்டும். ஏன் பெருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், என் கணக்கில் ஒரு ரெப்போ (நிரல் கோப்புகளின் தொகுப்பு) திறந்து அதை ஏற்றினேன். பக்கத்தின் வலது ஓரத்தில், மொழிகள் என்ற தலைப்பின் கீழே, ஒரு கருநீலப் பட்டை வந்து நின்றது. அதன் அடியில் "நெமெர்லே 100%" என்று இருந்தது.

"சார், நெமெர்லேன்னா என்ன?"

எனக்கும் தெரியாது. தேடிப் பார்த்துத்தான் சொன்னேன். போலந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்து, மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தின் மேல் ஓடுகிற ஒரு மொழி. மொரீஷியஸில் அதை எழுதுகிறவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பிள்ளை எழுதியது எழில். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி, உள்ளுக்குள் பைத்தானில் எழுதப்பட்டது. "பதிப்பி" என்றால் திரையில் காட்டும். நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் "ஆனால்" போட வேண்டும், கடைசியில் "முடி". தமிழ் வாக்கியம் போகிற போக்கிலேயே போகும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் அவர்களுக்கு ஒரு பாடவேளை. அந்த ஒரு பாடவேளையைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாமே என்று, கோவில் மண்டபத்தில் நான்கு பழைய லேப்டாப்பை வைத்து ஆரம்பித்ததுதான் இந்த வகுப்பு. எழில் கோப்பின் பெயர் புள்ளிக்கு அப்புறம் "என்" என்ற ஒரே எழுத்தில் முடியும். நெமெர்லே கோப்பும் அப்படியே. போதாததற்கு, யூனிக்ஸ் உதவிப் பக்கங்கள் எழுதப் பயன்படும் ராஃப் என்ற பழைய வடிவத்துக்கும் அதே வால் உண்டு. பாட்டிக்கு வணக்கம் சொன்னது போலந்துக்குப் போனது இப்படித்தான்.

அந்தப் பட்டையை வரைவது லிங்க்விஸ்ட் என்ற, ரூபி மொழியில் எழுதிய நிரல் நூலகம். 2011-லிருந்தே திறந்த மூலம், இலவசம். பட்டை, கோப்பைத் திறந்தால் தெரியும் வண்ண எழுத்து, எதை வேறுபாட்டுப் பக்கத்தில் (பழையதிலிருந்து என்ன மாறியது என்று காட்டும் பக்கம்) மடித்து வைக்கலாம் என்ற முடிவு, மூன்றுக்கும் இதன் கணிப்புதான் அடிப்படை. எட்டு மாதமாக வகுப்பிலும் அலுவலகத்திலும் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் இந்த மதிப்புரை.

முதலில் அது எப்படி யோசிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல்தான் நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். கல்யாண வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் தானே "நான் இன்னார்" என்று சொன்னால் கேள்வி இல்லை. கோப்புக்குள் எடிட்டருக்காக எழுதும் ஒரு குறிப்பு வரி உண்டு, விம்முக்கு ஒரு மாதிரி, ஈமேக்ஸுக்கு ஒரு மாதிரி. அது இருந்தால் லிங்க்விஸ்ட் அதை நம்பிவிடும். இல்லையென்றால் முழுப் பெயரைப் பார்க்கும். மேக்ஃபைல், டாக்கர்ஃபைல் போன்றவை ஊரறிந்த முகங்கள். அடுத்து முதல் வரியில் எந்த நிரலை வைத்து ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம்தான் வால். ஒரே வாலுக்கு இரண்டு மூன்று மொழிகள் உரிமை கொண்டாடினால், கோப்புக்குள் சில அடையாளச் சொற்களைத் தேடும். அதிலும் பிடிபடவில்லை என்றால், ஏற்கெனவே தன்னிடம் உள்ள மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிட்டு, எது நெருக்கமோ அதைச் சொல்லிவிடும். பெரியவர் "தெரியவில்லை" என்று சொல்லி உட்காரமாட்டார், ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவார்.

இந்த வால் சண்டை எழிலுக்கு மட்டும் வந்ததில்லை. "எச்" என்ற வாலுக்கு சி, சி பிளஸ் பிளஸ், அப்ஜெக்டிவ் சி மூன்றும் போட்டி. "பிஎல்" என்றால் பெர்லா ப்ரோலாகா? "எம்" என்றால் மேட்லாபா அப்ஜெக்டிவ் சியா? "டிஎஸ்" என்ற வாலைக் கண்டால் நாமெல்லாம் டைப்ஸ்கிரிப்ட் என்போம், க்யூட்டி மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்புக்கும் அதே வால்தான், உள்ளே இருப்பது வெறும் எக்ஸ்எம்எல். பெரிய மொழிகளுக்கு இதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே பிரிந்துவிடுகிறது. பழகின சண்டை என்பதால் அடையாளச் சொற்களை ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எழிலுக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை.

மாற்றுவதற்கு ஒரே ஒரு வரி போதும். ரெப்போவின் வேர் ஃபோல்டரில் கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்று ஒரு கோப்பு, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. அதற்குள் நட்சத்திரம், புள்ளி, என். அப்புறம் ஒரு இடைவெளி. லிங்க்விஸ்ட், நடுக்கோடு, லாங்குவேஜ், சமம், பைத்தான். கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), புஷ் செய்தால் (கிட்ஹப்புக்கு அனுப்பினால்) அவ்வளவுதான். இந்த வரி இருந்தால் லிங்க்விஸ்ட் வேறு எதையும் பார்க்காது, கோப்புக்குள் இருக்கும் எடிட்டர் குறிப்பைக்கூட. வீட்டுக்காரர் சொன்னால் வாசல் பெரியவர் வாயைத் திறக்க முடியாது. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம்.

ஏன் பைத்தான்? நானாக ஒரு மொழிப் பெயரை வைக்க முடியாது. லிங்க்விஸ்டிடம் ஒரு பட்டியல் உண்டு, அதில் இருக்கும் பெயரைத்தான் எழுதலாம். எழில் அதில் இல்லை. பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றால், அந்த மொழிக் கோப்புகள் நூற்றுக்கணக்கான ரெப்போக்களில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். சரி, கணக்கு தெரிகிறது. ஆக, இருக்கிற சட்டைகளில் எது பொருந்தும் என்று பார்த்தேன். எழிலில் குறிப்புரை ஹேஷ் குறியில் தொடங்கும், பைத்தானிலும் அப்படியே. மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தும் எண்களும் தனி நிறத்தில் வரும். "ஆனால்", "முடி" இரண்டும் வண்ணம் இல்லாமல் சாதாரணமாக நிற்கும். வண்ணம் பூசுவதெல்லாம் அந்தந்த மொழிக்கென எழுதிய இலக்கண விதிகள். அவற்றுக்குத் தெரிந்தது "இஃப்", "எல்ஸ்" தான். முக்கால் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் இது பழகிய கதை. நம் பருப்பு வடை இங்கே சின்னதாக உருண்டு, தெரு மூலையில் காகிதப் பையில் சூடாக விற்கிறது, பெயர் காத்தோ பிமா. மிளகாய் கேக் என்று அர்த்தம். லிங்க்விஸ்டிடம் கொடுத்தால் பேக்கரி அலமாரியில் அடுக்கிவிடும். முத்துசாமி என்ற பெயர் பழைய பதிவேடுகளில் மூட்டூசாமி ஆகி, இன்று அந்தக் குடும்பமே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. பெயர்ச்சீட்டு சின்ன விஷயம் என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். 1998-ல் வெளியான ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்துவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்தார்கள், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியிருந்தது. என் பர்ஸில் இருக்கும் நோட்டில் இன்றைக்கும் தமிழ் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணோடு பார்க்கிறவனுக்கு "நெமெர்லே 100%" கொஞ்சம் உறுத்தும்தானே.

இனி குறைகளுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எனக்கு எபேன் சைபர்சிட்டியில் வேலை, வீடு காத்ர் போர்னில். அலுவலகத்தில் பதினைந்து வருடப் பழைய கணக்குத் திட்டம் ஒன்று உண்டு. பாதி ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மொழி, பாதி தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல், ஓரமாகக் கொஞ்சம் பைத்தான். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து ரெப்போவைத் திரையில் பார்த்தார். பட்டை முழுக்க ஆரஞ்சு, எச்டிஎம்எல் 91%. "நாங்கள் கணக்கு மென்பொருளுக்குப் பணம் கொடுத்தோமா, வெப்சைட்டுக்கா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மேனேஜர் முகம் மட்டும் விளையாட்டாக இல்லை.

நடந்தது இதுதான். லிங்க்விஸ்ட் கோப்புகளை எண்ணுவதில்லை, பைட் கணக்குப் பார்க்கிறது. வருடக் கடைசியில் உருவாக்கும் அறிக்கைகளை யாரோ ஒருவர் அப்படியே ரெப்போவில் போட்டு வைத்திருந்தார், ஒவ்வொன்றும் கொழுத்த எச்டிஎம்எல். எஸ்க்யூஎல்லோ பட்டையிலேயே இல்லை. ஏனென்றால் லிங்க்விஸ்டின் பார்வையில் எஸ்க்யூஎல் நிரல்மொழி இல்லை, தரவு. நிரல்மொழியும், எச்டிஎம்எல் போன்ற மார்க்கப்பும்தான் பட்டையில் ஏறும். தரவும் உரைநடையும் ஏறாது. ஆறாயிரம் வரி ஸ்டோர்டு ப்ரொசீஜர் (தரவுத்தளத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) எழுதியவரிடம் போய் "நீங்கள் எழுதியது தரவு" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்தேன், அந்த மனிதர் மூன்று நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை. ஜூபிட்டர் நோட்புக் (நிரலும் அதன் விடையும் ஒரே கோப்பில்) வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. நோட்புக்குக்குள் வரைபடங்கள் எழுத்துக் குவியலாகச் சேமிக்கப்படும், இரண்டு படம் இருந்தாலே மற்ற மொழியெல்லாம் பட்டையில் நூல் போல மெலிந்துவிடும்.

சரி செய்யும் வேலை, பார்த்துப் பார்த்து, புயல் நாளில் வந்து விழுந்தது. மூன்றாம் நிலை எச்சரிக்கை, எல்லாரும் வீட்டுக்குள். என் பக்கம் கரண்ட் இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது கூட வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண்ணிடம் மட்டும்தான். ஃபோனில் நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

"ரிப்போர்ட்ஸ், சாய்கோடு. இடைவெளி. லிங்க்விஸ்ட், நடுக்கோடு, ஜெனரேட்டட்."

"ஆச்சு அண்ணே."

"அடுத்த வரி. நட்சத்திரம், புள்ளி, எஸ்க்யூஎல். இடைவெளி. லிங்க்விஸ்ட், நடுக்கோடு, டிடெக்டபிள்."

"போட்டாச்சு. கமிட் பண்ணவா?"

பண்ணினாள். எஸ்க்யூஎல் பட்டையில் வந்துவிட்டது. எச்டிஎம்எல் ஒரு இம்மி குறையவில்லை. காற்று ஜன்னலை உலுக்குகிறது, நாங்கள் ஒரு சாய்கோட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். எந்தக் கோப்புகளை ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் ஃபோல்டர் பெயரும் சாய்கோடும் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அடங்கிவிடும். கிட்ஆட்ரிப்யூட்ஸில் அப்படி இல்லை. சாய்கோட்டோடு நிறுத்தினால் ஒரு கோப்பையும் தொடாது, பிழை என்றும் சொல்லாது. சாய்கோட்டுக்குப் பிறகு இரட்டை நட்சத்திரம் போட வேண்டும். ஒற்றை நட்சத்திரம் போட்டால் அந்த ஃபோல்டரின் நேர்க் கோப்புகள் மட்டும், அதற்குள் இருக்கும் ஃபோல்டர்கள் தப்பிவிடும். இது லிங்க்விஸ்டின் தவறு இல்லை, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் விதி. ஆனால் நட்டமெல்லாம் நமக்கு. தப்பாக எழுதினால் ஒரு எச்சரிக்கை வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

இப்படிச் சத்தமில்லாமல் தோற்பது இதன் குணம். மொழிப் பெயரில் இடைவெளி இருந்தால் நடுக்கோடு போட வேண்டும். ஜூபிட்டர் நோட்புக் என்று இரண்டு சொல்லாக எழுதினால் வேலை செய்யாது, ஏன் என்றும் சொல்லாது. ஃபாக்ஸ்ப்ரோவுக்குப் பட்டியலில் தனிப் பெயர் இல்லை, எக்ஸ்பேஸ் என்ற குடும்பப் பெயரின் கீழ்தான் வரும். லிங்க்விஸ்டை நம் கணினியிலேயே நிறுவிச் சோதிக்கலாம், அந்த வசதி நல்லது. ஆனால் கமிட் செய்யாத கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பை அது கண்டுகொள்ளாது. கோப்பைச் சேமித்துவிட்டு ஓட்டி ஓட்டி, அதே எண்ணையே பார்த்துத் தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். கிட்ஹப் பக்கத்திலோ பட்டை முதன்மைக் கிளைக்கு (ரெப்போவின் முக்கியப் பிரதிக்கு) மட்டும்தான். வேறு கிளையில் மாற்றிவிட்டு "பாருங்கள்" என்று மேனேஜரைக் கூப்பிட்டால் அவமானம் நிச்சயம். முதன்மைக் கிளையில் சேர்த்த பிறகும் பட்டை உடனே மாறாமல் கொஞ்சம் காக்க வைக்கலாம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

"ஜெனரேட்டட்" என்று குறித்ததற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, எங்களுக்கு அது வரமாகவே அமைந்தது. அந்தக் கோப்புகள் பட்டையிலிருந்து விலகுவதோடு, வேறுபாட்டுப் பக்கத்திலும் மடிந்துகொள்ளும். முன்பு ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறந்தால் அறிக்கை எச்டிஎம்எல் ஆயிரக்கணக்கான வரி ஓடும், நடுவில் நாலு வரி உண்மையான மாற்றம் ஒளிந்திருக்கும். இப்போது நாலு வரி மட்டும் கண்ணில் படுகிறது. பிறர் எழுதிய நூலகங்களுக்கு "வெண்டர்ட்", ஆவணங்களுக்கு "டாக்குமென்டேஷன்" என்று தனிக் குறிகளும் உண்டு. பலவற்றை அதுவே பிடித்துவிடுகிறது, தப்பாகப் பிடித்தால் சமம் ஃபால்ஸ் என்று எழுதி மீட்கலாம்.

வேறு இடங்களில் எப்படி? கிட்ஹப்புக்குப் போட்டியான கிட்லேபும் இதே குறிகளைப் படிக்கிறது, வண்ணத்துக்குத் தனியாக கிட்லேப்-லாங்குவேஜ் என்ற குறி வைத்திருக்கிறது. கிட்டீ, ஃபோர்ஜெயோ போன்றவை லிங்க்விஸ்டின் கோ மொழி வடிவமான என்ரியை உள்ளே வைத்திருக்கின்றன, ஆக அதே கோப்பு அங்கேயும் பலிக்கும். ஒரு முறை எழுதினால் வீடு மாறினாலும் கூடவே வருகிறது, நல்ல விஷயம். விஎஸ் கோடு எடிட்டருக்கு இந்தக் கோப்பு பொருட்டே இல்லை. அங்கே ஃபைல்ஸ் அசோசியேஷன்ஸ் என்ற அமைப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பு லேப்டாப் நான்கிலும் அதையும் போட்டு வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் எடிட்டரில் கறுப்பு வெள்ளை, கிட்ஹப்பில் வண்ணம் என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

என் மதிப்பெண்: கணிப்புக்கு ஐந்தில் நான்கு. மாற்றும் வசதிக்கு ஐந்தில் ஐந்து. தப்பு செய்தால் சொல்லும் பழக்கத்துக்கு ஒன்று, அதுவும் இலவசம் என்பதற்காக. அலுவலகத்தில் பழைய சரக்கு வைத்திருப்பவர்கள் தயங்காமல் இறங்கலாம், அரை நாள் வேலை. சின்ன மொழி வைத்திருப்பவர்கள் முதலில் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வகுப்புக்குத் திரும்புகிறேன். பைத்தான் என்று மாற்றிய அடுத்த சனிக்கிழமை, பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அந்தச் சிறுமி கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். எழில் என்று ஏன் வரவில்லை என்று கேட்பாள் என நினைத்து, பட்டியல், நூற்றுக்கணக்கான ரெப்போ என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"ஆயோ சார், இதுவும் நீலமா? ரோஸ் இல்லையா?"

நிறத்தை நம்மால் மாற்ற முடியாது, அது மொழியோடு ஒட்டிக்கொண்டு வருவது என்றேன். எந்த மொழி ரோஸ் என்றாள். சி பிளஸ் பிளஸ். அப்படியானால் அதைப் போடுங்கள் என்றாள். அதில் ஹேஷ் குறிக்கு வேறு அர்த்தம், உன் குறிப்புரையெல்லாம் தாறுமாறாக நிறம் மாறிவிடும் என்று விளக்கினேன். தான் குறிப்புரையே எழுதுவதில்லையே என்றாள். உண்மைதான், மூன்று வரி நிரல்.

அவளுடைய ரெப்போவில் மட்டும் சமம் சி பிளஸ் பிளஸ் என்று போட்டுக் கொடுத்தேன். மண்டபத்து வாசலில் காத்தோ பிமா தின்று முடிப்பதற்குள் பட்டை ரோஸ் ஆகிவிட்டது. பாட்டிக்குக் காட்ட என் ஃபோனிலேயே படம் எடுத்து, அவள் அம்மாவுக்கு அனுப்பச் சொன்னாள்.